சீதபேதி, ரத்தபேதி: பெரியவர்களின் பெருங்குடலில் வரும் பாக்டீரியா தொற்று பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயிறு போகிறது என்று மெடிக்கல் ஷாப்பில் சொன்னால் கைக்கு ஓர் அட்டை மாத்திரை வந்துவிடும். சில தொற்றுகளுக்கு அது தேவையே இல்லை, சிலவற்றில் வேலை செய்யாது, ஒன்றிரண்டில் கேடே செய்யும். எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்க உதவுவதுதான் இந்தக் கேள்வி-பதில். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் பொருந்தும். குழந்தைகளுக்கு மருந்தின் அளவும் வேறு, ஆபத்தும் வேறு. இங்கே உள்ள மருந்து அளவுகள் டாக்டர் எழுதிய சீட்டைப் புரிந்துகொள்வதற்காக. நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்வதற்கு அல்ல.

சாதாரண வயிற்றுப்போக்கா, பெருங்குடல் தொற்றா என்று வீட்டிலேயே தெரியுமா?

ஓரளவு தெரியும். எவ்வளவு போகிறது, எங்கே வலிக்கிறது என்று கவனித்தால் போதும்.

சிறுகுடலில் தொற்று என்றால் தொப்புளைச் சுற்றிப் பிசையும், ஒவ்வொரு முறையும் தண்ணீராகக் கொட்டும், வாந்தியும் சேர்ந்து வரும். பெருங்குடலில் என்றால் கதையே வேறு. நாளுக்கு பத்துப் பதினைந்து முறை ஓடுவார், போவதோ ஒரு கரண்டி அளவு. அதில் சளி, ரத்தக் கீற்று, சில நேரம் சீழ். வலி அடிவயிற்றில், பெரும்பாலும் இடப்பக்கம். போய்விட்டு எழுந்ததும் மறுபடி வருவதுபோல் முக்கல். பெரும்பாலும் காய்ச்சலும் இருக்கும். கிருமி பெருங்குடலின் உள்சுவரைப் புண்ணாக்கிவிடுவதால் ரத்தமும் சளியும் கசிகின்றன. புண்பட்ட மலக்குடல் காலியாக இருக்கும்போதே நிறைந்துவிட்டதாக உணர்த்துகிறது, முக்கல் அதனால்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஷிகெல்லா தொற்று முதல் நாள் வெறும் தண்ணீர்ப் பேதியாகத் தொடங்கி, இரண்டாம் நாளில்தான் சீதமும் ரத்தமுமாக மாறும். ஆகவே முதல் நாள் நிலையை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

கெட்டியாக மலம் போன பிறகு சொட்டுச் சொட்டாகச் சிவப்பு ரத்தம் வந்தால் மூலமாக இருக்கலாம். தார் போலக் கறுப்பாகப் போனால் ரத்தக்கசிவு மேலே, இரைப்பைப் பக்கம் இருக்கலாம். அதற்கு உடனே ஆஸ்பத்திரி. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுவோருக்கும் மலம் கறுக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

எந்தெந்தக் கிருமிகள் இதைச் செய்கின்றன?

முதலில் சொல்ல வேண்டியது ஷிகெல்லா. 1897இல் ஜப்பானில் பரவிய சீதபேதியின்போது கியோஷி ஷிகா கண்டுபிடித்தார். அவர் பெயரே கிருமிக்கு நின்றுவிட்டது. 10 முதல் 100 கிருமிகள் வயிற்றுக்குள் போனாலே நோய் வரும் என்பதுதான் இதன் கொடுமை. மற்ற பல கிருமிகளுக்கு ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் வேண்டும். கழுவாத கையில் ஒட்டியிருப்பதே ஷிகெல்லாவுக்குப் போதும் என்பதால் ஒரே வீட்டில், ஒரே விடுதியில் அடுத்தடுத்து விழுவார்கள். உள்ளே போன 1 முதல் 3 நாளில் நோய் தெரியும்.

கேம்பிலோபாக்டர் பெரும்பாலும் கோழிக்கறி வழியாக வருவது. 2 முதல் 5 நாள் எடுக்கும். சில நேரம் வலப்பக்க அடிவயிற்றில் கடுமையாக வலித்து, அப்பெண்டிக்ஸ் என்று நினைக்க வைக்கும். சால்மோனெல்லா முட்டை, கோழி வழியாக 6 முதல் 72 மணி நேரத்தில் தாக்கும். டைஃபாய்டு கிருமி இதே குடும்பம்தான் என்றாலும் அது வேறு நோய், வேறு சிகிச்சை.

ஷிகா நச்சைச் சுரக்கும் ஈ.கோலை வகை, ஓ157 என்ற எண்ணால் பரவலாக அறியப்பட்டது. பிறகு சி.டிஃப் என்று சுருக்கிச் சொல்லப்படும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு கிளம்பும் கிருமி இது. இந்த இரண்டுக்கும் கீழே தனிக் கேள்விகள் இருக்கின்றன.

காலரா இந்தப் பட்டியலில் இல்லை. அது சிறுகுடலைத் தாக்குவது.

எப்போது தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

மலத்தில் ரத்தம் கண்ணுக்குத் தெரிந்தாலே அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், எழுந்து நின்றால் கண் இருட்டுவது, 6 மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் இல்லாதது, குடித்ததெல்லாம் வாந்தியாவது, மனக்குழப்பம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அவசரச் சிகிச்சைப் பிரிவு.

மக்கள் தவறவிடும் அறிகுறி ஒன்று உண்டு: பேதி திடீரென நின்று, வயிறு உப்பிக் கல்லாகிவிடுவது. குணமாகிவிட்டது என்று வீட்டில் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். பெருங்குடல் செயலிழந்து வீங்கிப்போனதன் அடையாளமாக அது இருக்கலாம். எக்ஸ்ரேயில் பெருங்குடலின் விட்டம் 6 செ.மீ.க்கு மேல் விரிந்து, நோயாளியும் காய்ச்சலும் படபடப்புமாகத் துவண்டிருந்தால் அறுவைச் சிகிச்சை நிபுணர் பக்கத்தில் இருக்க வேண்டிய நிலை.

65 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், டயாலிசிஸ், கீமோதெரபி, ஸ்டீராய்டு, எச்.ஐ.வி. சிகிச்சையில் இருப்பவர்கள் இந்த எல்லைகள் வரை காத்திருக்கக் கூடாது. முதியவர்களுக்குத் திடீரென்று இடப்பக்கம் வலித்து ரத்தம் போனால், தொற்றே இல்லாமல் குடலுக்கு ரத்த ஓட்டம் குறைந்ததாகவும் இருக்கலாம்.

வீட்டில் முதலில் செய்ய வேண்டியது?

ஓ.ஆர்.எஸ். இதில் நடக்கும் பிழைகள் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாக.

உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய கலவையில் ஒரு லிட்டருக்கு சமையல் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். குளுக்கோஸ் ருசிக்காகச் சேர்த்தது அல்ல. குடல் சுவரில் உப்பும் குளுக்கோஸும் கைகோத்துத்தான் உள்ளே நுழைகின்றன, தண்ணீர் அவற்றின் பின்னால் போகிறது. கலவையின் விகிதம் கெட்டால் இந்த ஏற்பாடு கெடும்.

பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அதை ஒரு டம்ளரில் கலந்து குடிப்பதுதான் நாம் அதிகம் பார்க்கும் தவறு. அடர்த்தியான கரைசல் குடலுக்குள் தண்ணீரை இழுத்து, பேதியை அதிகமாக்கும். 200 மி.லி.க்கான சின்னப் பாக்கெட்டும் கடையில் உண்டு. வெட்டுவதற்கு முன் அட்டையில் அளவைப் படியுங்கள். பாதிப் பாக்கெட்டை மட்டும் கலப்பதும் கூடாது, உப்பும் சர்க்கரையும் பொடியில் சமமாகக் கலந்திருக்காது. கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

எவ்வளவு? ஒவ்வொரு முறை போன பிறகும் 200 முதல் 400 மி.லி., அதற்கு மேலும் தாகம் கேட்கிற வரை. ஏற்கெனவே நா வறண்டு, சிறுநீர் குறைந்திருந்தால் முதல் 4 மணி நேரத்தில் 2.2 முதல் 4 லிட்டர் வரை தேவைப்படும். வாந்தி இருந்தால் 10 நிமிடம் நிறுத்திவிட்டு, மறுபடி ஒவ்வொரு மடக்காகத் தொடருங்கள்.

பாக்கெட் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் சர்க்கரை 6 தலைதட்டிய டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். உப்பைக் கூட்டிப் போடாதீர்கள்.

அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். அல்ல. பெயரில் அந்த எழுத்துகளைப் போட்டு விற்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடுத்தது. இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு, ஓ.ஆர்.எஸ்.ஸோடு குடிக்கலாம், அதற்கு மாற்றாக அல்ல. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரைத் தொடவே வேண்டாம், ஓ.ஆர்.எஸ்.ஸையும் டாக்டர் சொன்ன அளவில் குடியுங்கள்.

சர்க்கரை நோயாளிகளும் ஓ.ஆர்.எஸ். குடிக்கலாம், லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் பெரிய அளவு இல்லை. அவர்கள் கவனிக்க வேண்டியது மாத்திரைகளை. உடல் வறண்டிருக்கும்போது மெட்ஃபார்மின், சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகள், நீர் மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டிவரும். டாக்டருக்கு ஒரு போன் செய்து கேளுங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

பட்டினி போட வேண்டுமா?

வேண்டாம். உப்புப் போட்ட கஞ்சி, இட்லி, ரசம் சாதம், மோர், வாழைப்பழம் என்று பசிக்கிற அளவு சாப்பிடலாம். பால் சிலருக்குச் சில நாள் ஒத்துக்கொள்ளாது. எண்ணெய்ப் பலகாரம், மது வேண்டாம்.

பேதியை நிறுத்த லோப்பரமைடு போடலாமா?

ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் கூடாது. அந்த மருந்து குடலின் அசைவை அடக்குகிறது. கிருமியும் நச்சும் உள்ளேயே தங்கும், பெருங்குடல் வீங்கிப்போகும் ஆபத்து கூடும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேதி வந்தாலும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கடையில் தரும் ஆஃப்லாக்சசின்-ஆர்னிடசோல் கூட்டு மாத்திரை போதாதா?

ஒன்று பாக்டீரியாவுக்கு, மற்றது அமீபாவுக்கு. எது பட்டாலும் சரி என்கிற கணக்கு. கணக்கு தப்புவது மூன்று இடத்தில். இந்தியாவில் ஷிகெல்லாவும் கேம்பிலோபாக்டரும் ஆஃப்லாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளுக்குப் பெருமளவு எதிர்ப்பு பெற்றுவிட்டன. வயிற்றுப்போக்கில் பெரும்பகுதி வைரஸாலோ உணவு நச்சாலோ வருவது, அதற்கு இரண்டு மருந்துமே வேண்டாம். மூன்றாவது, இந்த வகை ஆன்டிபயாடிக்கே சி.டிஃப் தொற்றுக்கு வாசல் திறப்பவற்றுள் ஒன்று. அதோடு இரண்டு வேளை போட்டுவிட்டுப் பரிசோதனைக்குப் போனால் கல்ச்சரில், அதாவது மலத்தில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனையில், கிருமி வளராமல் போகும்; அப்புறம் எதற்குச் சிகிச்சை செய்கிறோம் என்று யாருக்கும் தெரியாது.

மலப் பரிசோதனைக்கு எப்படிக் கொடுப்பது?

முதல் மாத்திரைக்கு முன் கொடுங்கள். லேபில் தரும் அகன்ற வாய் டப்பாவில், சிறுநீரோ கழிவறைத் தண்ணீரோ கலக்காமல், சளியும் ரத்தமும் உள்ள பகுதியாகப் பார்த்து ஒரு டீஸ்பூன் அளவு எடுக்க வேண்டும். கெட்டியான பகுதியில் கிருமி கிடைக்கும் வாய்ப்பு குறைவு. 2 மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். ஷிகெல்லா டப்பாவுக்குள் சீக்கிரம் செத்துவிடும். தூரம் அதிகம் என்றால், கிருமியைச் சாகாமல் வைத்திருக்கும் கேரி-பிளேர் என்ற ஊடகம் உள்ள குழாயைக் கேட்டு வாங்குங்கள். அமீபா பார்க்க வேண்டுமென்றால் அரை மணி நேரத்துக்குள், சூடு ஆறும் முன்பே நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். அதற்கு லேபிலேயே கொடுப்பதுதான் நடைமுறை.

கல்ச்சர் முடிவு 2 முதல் 3 நாளில் வரும். 'ஸ்டூல் கல்ச்சர்' என்று மட்டும் எழுதினால் பல லேப்களில் ஷிகெல்லா, சால்மோனெல்லா மட்டுமே தேடுவார்கள். கேம்பிலோபாக்டர் 42 டிகிரியில், ஆக்சிஜன் குறைந்த சூழலில்தான் நன்றாக வளரும். ஓ157ஐக் கண்டுபிடிக்க சார்பிட்டால் கலந்த தனி வளர்ப்பு ஊடகம் வேண்டும். சி.டிஃப்புக்குப் பரிசோதனையே வேறு. எதைத் தேட வேண்டும் என்று டாக்டர் சீட்டில் எழுதினால்தான் தேடுவார்கள். பெரிய லேப்களில் ஒரே மாதிரியில் பல கிருமிகளைத் தேடும் பி.சி.ஆர். உண்டு. சில மணி நேரத்தில் முடிவு வரும், விலை அதிகம். செத்த கிருமியின் மரபணுவையும் அது காட்டும், எந்த மருந்து கேட்கும் என்பதையோ முழுமையாகச் சொல்லாது. அதற்குக் கல்ச்சரே வேண்டும்.

ரத்தபேதி என்றால் ரத்த அணுக்கள், தட்டணுக்கள் (பிளேட்லெட்), சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

ரிப்போர்ட்டில் 'அமீபா சிஸ்ட்' என்று வந்திருக்கிறது. அதுதான் காரணமா?

பெரும்பாலும் அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. சிஸ்ட் என்பது ஓடு போர்த்திய உறக்கநிலை அமீபா. நோய் உண்டாக்கும் அமீபாவின் சிஸ்டும், சும்மா குடியிருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாத இன்னொரு அமீபாவின் சிஸ்டும் நுண்ணோக்கியில் ஒரே மாதிரி இருக்கும். சிவப்பணுக்களை விழுங்கிய, அசைகிற அமீபா தெரிந்தால் அது சான்று. சிஸ்டை மட்டும் பார்த்துவிட்டு மெட்ரோனிடசோல் கொடுத்தால் ஷிகெல்லா அப்படியே இருக்கும். அமீபாதான் என்று உறுதியானால் மெட்ரோனிடசோல் அல்லது டினிடசோலுக்குப் பிறகு, குடலுக்குள் மிஞ்சியதை ஒழிக்க டைலாக்சனைடு அல்லது பாரோமோமைசின் கொடுக்க வேண்டும். இந்த இரண்டாம் கட்டம் அடிக்கடி விட்டுப்போகிறது. மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களில் மது குடித்தால் முகம் சிவந்து, படபடத்து, வாந்தி வரலாம்.

அப்படியானால் ஆன்டிபயாடிக் யாருக்கு? எது? எத்தனை நாள்?

காய்ச்சலும் ரத்தமும் முக்கலும் சேர்ந்து, ஷிகெல்லா போலத் தெரிகிறவர்களுக்கு. நோய் எதிர்ப்பு குறைந்து கடுமையாக நோயுற்றவர்களுக்கு. பயணத்தில் தொற்றி அதிகக் காய்ச்சலுடன் வருபவர்களுக்கு. இவர்களுக்குக் கல்ச்சர் கொடுத்துவிட்டு, முடிவு வரும் முன்பே தொடங்குவது வழக்கம்.

நம் பகுதியில் டாக்டர்கள் முதலில் எடுப்பது அசித்ரோமைசின்: 500 மி.கி. தினம் ஒன்று, 3 நாள். அல்லது 1 கிராம் ஒரே வேளை. மாத்திரை வயிற்றில் நிற்காத அளவு வாந்தி, கடும் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரியில் செஃப்ட்ரியாக்சோன் ஊசி. சிப்ரோஃப்ளாக்சசின், கல்ச்சரில் அது கேட்கும் என்று வந்தால் மட்டும்: 500 மி.கி. இரு வேளை, 3 நாள். பால், கால்சியம், இரும்பு மாத்திரை, ஆன்டாசிட் ஆகியவற்றோடு சேர்த்துப் போட்டால் சிப்ரோ குடலில் ஏறாது. ஆன்டாசிட், இரும்பு மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். இதயத்துடிப்பு ஒழுங்கின்மை உள்ளவர்கள் அசித்ரோமைசினுக்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். ரிஃபாக்சிமின் குடலின் உள்பரப்போடு நின்றுவிடும் மருந்து, ரத்தபேதிக்குப் போதாது.

தொடங்கி 48 மணி நேரத்தில் ரத்தமும் காய்ச்சலும் குறையவில்லை என்றால் கிருமி எதிர்ப்பு பெற்றது என்று கருதி மருந்தை மாற்ற வேண்டும். அதே மருந்தை ஐந்து நாள், ஏழு நாள் என்று இழுப்பதில் பயன் இல்லை.

கேம்பிலோபாக்டருக்கு மருந்து பயன்பட வேண்டுமானால் முதல் 3 நாளுக்குள் தொடங்க வேண்டும். பலருக்கு ஒரு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். ஆரோக்கியமான பெரியவருக்கு வந்த சாதாரண சால்மோனெல்லா பேதிக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. கொடுத்தால் நோய் சீக்கிரம் தீர்வதில்லை, கிருமி மலத்தில் வெளியேறும் காலம்தான் நீளக்கூடும். ரத்தநாளங்களில் கொழுப்பு படிந்த 50 வயதுக்கு மேற்பட்டோர், செயற்கை இதய வால்வு உள்ளோர், எதிர்ப்புசக்தி குறைந்தோர் இதற்கு விலக்கு. அவர்களுக்கு ரத்தத்தில் பரவிவிடும் ஆபத்து உண்டு.

ரத்தபேதி, ஆனால் காய்ச்சல் இல்லை. இது நல்லதுதானே?

அப்படிச் சொல்ல முடியாது. கடும் வயிற்றுவலி, நிறைய ரத்தம், காய்ச்சல் இல்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஷிகா நச்சு ஈ.கோலை. இதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் கிருமி கூடுதல் நச்சைக் கக்கி, சிவப்பணுக்கள் சிதைந்து, தட்டணுக்கள் விழுந்து, சிறுநீரகம் பழுதாகும் அபாயம் கூடலாம். ஆகவே தவிர்க்கிறார்கள். சிகிச்சை நீர்ச்சத்து, ஓய்வு, கண்காணிப்பு. சிறுநீரகச் சிக்கல் பேதி தொடங்கிய 5 முதல் 10 நாளுக்குள், பெரும்பாலும் பேதி குறைந்து தேறிவருவதாகத் தோன்றும்போது எட்டிப் பார்க்கும். அந்த நாட்களில் தட்டணுக்கள், கிரியாட்டினின், ஹீமோகுளோபின் ஆகியவற்றைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். வெளிறுவது, சிறுநீர் குறைவது, முகம் வீங்குவது எச்சரிக்கை. வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபன் கூடாது.

2011இல் ஜெர்மனியில் ஓ104 என்ற வகை பரவி, 3,800க்கு மேற்பட்டோர் நோயுற்றனர், 50க்கு மேற்பட்டோர் இறந்தனர். சிக்கல் வந்தவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள். முதலில் வெள்ளரிக்காய் மேல் பழி விழுந்தது. கடைசியில் விசாரணை போய் நின்றது எகிப்திலிருந்து இறக்குமதியான வெந்தய விதையில் முளைக்கவைத்த பயிரில். வெந்தயத்தின் குற்றம் அல்ல. ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள இடத்தில் விதை முளைக்கும்போது, அதில் ஒட்டிய கிருமியும் பெருகும். முளைகட்டிய பயறை ஆவியில் வேகவைத்தோ வதக்கியோ சாப்பிடச் சொல்வது இதனால்தான்.

வேறு நோய்க்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன், அதன் பிறகு பேதி. என்ன செய்ய?

எல்லாமே சி.டிஃப் அல்ல. ஆன்டிபயாடிக் குடலின் வழக்கமான கிருமிகளைக் குலைப்பதால் வரும் லேசான பேதி, மருந்தை நிறுத்தினால் அடங்கிவிடும். ஒரு நாளில் 3 முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போய், வயிறு வலித்து, காய்ச்சலும் இருந்தால் சி.டிஃப்பை நினைக்க வேண்டும். பெரும்பாலும் மருந்து சாப்பிடும்போதோ முடித்த முதல் மாதத்திலோ வரும். 12 வாரம் வரை வரலாம். மூன்று மாதத்துக்கு முன் பல்வலிக்குச் சாப்பிட்ட கிளிண்டமைசினை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. சொல்லுங்கள்.

அதிகம் பழிக்கு ஆளாவது கிளிண்டமைசின், செஃபலோஸ்போரின் வகைகள், சிப்ரோ-லீவோ வகைகள். 65 வயதுக்கு மேல், நீண்ட நாள் ஆஸ்பத்திரிவாசம், அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் வகை மாத்திரை ஆகியவை ஆபத்தைக் கூட்டும். இந்தத் தொற்றில் ரத்தம் கண்ணுக்குத் தெரிவது அரிது, அதனாலேயே கவனிக்காமல் விடுவார்கள். ரத்த வெள்ளணு எண்ணிக்கை எதிர்பாராத அளவு ஏறியிருப்பது நல்ல துப்பு.

ஆஸ்பத்திரியில் சேர்ந்து மூன்று நாளுக்குப் பிறகு பேதி தொடங்கினால், வழக்கமான கல்ச்சரைவிட சி.டிஃப் பரிசோதனைதான் அர்த்தமுள்ளது.

சி.டிஃப்பை எப்படி உறுதி செய்வது?

தண்ணீராகப் போகும் மலத்தில் மட்டும். கெட்டியான மலத்தைச் சோதித்தால் நோய் இல்லாமல் கிருமியைச் சுமப்பவர்களும் மாட்டுவார்கள். கிருமியின் ஜி.டி.எச். என்ற புரதம், அதன் நச்சு இரண்டையும் பார்க்கும் பரிசோதனை முதலில். இரண்டும் பாசிட்டிவ் என்றால் நோய், இரண்டும் நெகட்டிவ் என்றால் இல்லை. முரண்பட்டால் பி.சி.ஆர். பி.சி.ஆர். மட்டும் பாசிட்டிவ் என்றால் கிருமி இருக்கிறது, அதுதான் நோய்க்குக் காரணம் என்று சொல்ல முடியாது. குணமான பிறகு மறுபடி சோதிக்க வேண்டாம். பல வாரம் பாசிட்டிவாகவே காட்டும், வீணாகப் பயமுறுத்தும்.

சிகிச்சை?

முதலில், எந்த ஆன்டிபயாடிக் கிளப்பியதோ அதை முடிந்தால் நிறுத்துவது. பிறகு வாய்வழி வான்கோமைசின் 125 மி.கி., நாளுக்கு 4 வேளை, 10 நாள். அல்லது ஃபிடாக்சோமைசின் 200 மி.கி., 2 வேளை, 10 நாள். இரண்டாவதில் நோய் திரும்புவது குறைவு, ஆனால் விலையும் கிடைப்பதும் பிரச்சினை. இரண்டும் கிடைக்காதபோது, லேசான நோய்க்கு மட்டும் மெட்ரோனிடசோல் 500 மி.கி. 3 வேளை, 10 முதல் 14 நாள்.

வான்கோமைசினை நரம்பு வழியாக ஏற்றினால் பெருங்குடலுக்குள் போகாது, இதற்குப் பயன்படாது. காப்ஸ்யூல் கிடைக்காத ஊரில் ஊசிமருந்துக் குப்பியையே கரைத்து வாயால் கொடுக்கிறார்கள்: 500 மி.கி. பொடியை 10 மி.லி. சுத்தநீரில் கரைத்து, ஒரு வேளைக்கு 2.5 மி.லி. சரியான முறைதான், நர்ஸ் குழம்ப வேண்டியதில்லை. கசக்கும், பழச்சாறில் கலக்கலாம்.

வெள்ளணு 15,000ஐத் தொட்டாலோ கிரியாட்டினின் 1.5ஐத் தாண்டினாலோ கடும் நோய். ரத்த அழுத்தம் விழுந்து, குடல் நின்றுவிட்டால் வான்கோமைசின் 500 மி.கி. 4 வேளை வாய்வழியாகவோ மூக்குக் குழாய் வழியாகவோ, கூடவே மெட்ரோனிடசோல் நரம்பு வழியாக, தேவைப்பட்டால் ஆசனவாய் வழியாகவும் வான்கோமைசின். அந்த நிலையில் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது உயிருக்கு ஆபத்து.

குணமாகி மறுபடி வருகிறதே?

ஐந்தில் ஒருவருக்கு ஏறத்தாழ வரும். மருந்து கிருமியைக் கொல்கிறது, அதன் விதைத்துகள்களை அல்ல. குடலின் நல்ல கிருமிகள் மீளும் முன் அவை முளைத்துவிடுகின்றன. மறுபடி வந்தால் ஃபிடாக்சோமைசின், அல்லது வான்கோமைசினைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் 2-3 நாளுக்கு ஒருமுறை என்று கொடுப்பார்கள். பலமுறை திரும்பினால் ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து எடுத்த கிருமிகளைக் குடலில் செலுத்துவது. கேட்க முகம் சுளித்தாலும் நன்றாக வேலை செய்கிறது. அமெரிக்காவில் 2023இல் இதன் காப்ஸ்யூல் வடிவத்துக்கே அனுமதி கிடைத்தது. கொடையாளியின் ரத்தமும் மலமும் முறையாகச் சோதிக்கப்படாமல் வீட்டில் முயல்வது ஆபத்து.

தயிர் சாப்பிடலாம், உணவு என்கிற முறையில். புரோபயாட்டிக் மாத்திரை இதைத் தடுக்கும் என்பதற்குச் சான்று பலவீனம்.

வீட்டில் சி.டிஃப் நோயாளி இருந்தால் சானிடைசர் போதுமா?

போதாது. ஆல்கஹால் அந்த விதைத்துகளைக் கொல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். தேய்த்துக் கழுவி அகற்றுவதே வழி. கழிவறை, குழாய்ப்பிடி, தாழ்ப்பாள் ஆகியவற்றை 0.5 சதவீதக் குளோரின் கரைசலால் துடைத்து 10 நிமிடம் ஈரமாக விடுங்கள். 30 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு 16, 17 கிராம். தெளியவிட்டு மேல்நீரை அன்றன்றே பயன்படுத்தவும். கையுறையும் திறந்த ஜன்னலும் வேண்டும். கழிவறை ஆசிட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

இரண்டு வாரம் தாண்டியும் நிற்கவில்லை.

இனி இது திடீர்த் தொற்று என்ற கணக்கில் வராது. கொலோனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து, திசுத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், கிரோன்ஸ் ஆகிய அழற்சி நோய்கள் ஒருபுறம். இந்தியாவில் மறக்கக் கூடாதது குடல் காசநோய்: சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் வரும், எடை குறைவு, மாலைக் காய்ச்சல், வலப்பக்க வலி. கிரோன்ஸும் இதுவும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், சிகிச்சையோ நேர் எதிர்: காசநோயாளிக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் பரவும். துணுக்கைக் காசநோய்க் கல்ச்சருக்கும் மரபணுப் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். உறுதியானால் 6 மாதச் சிகிச்சை, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

தொற்று தீர்ந்த பிறகும் தொல்லை இருக்குமா?

பத்தில் ஒருவருக்குப் பல மாதம் வயிறு சரியில்லாமல், சாப்பிட்டவுடன் போவதும் உப்புசமுமாக இருக்கும். அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டாம். சில வாரம் கழித்து முழங்கால், கணுக்கால் வீங்கலாம். கேம்பிலோபாக்டருக்குப் பிறகு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு கியான்-பாரே நோய் வரும்: பாதத்தில் தொடங்கி மேலேறும் மதமதப்பு, பலவீனம். அப்படித் தெரிந்தால் அன்றே நரம்பியல் சிகிச்சை உள்ள ஆஸ்பத்திரி.

வராமல் தடுக்க சமையலறையில் எதை மாற்ற வேண்டும்?

கறிக்கடையிலிருந்து வந்த கோழியைக் குழாயடியில் அலசுவதை விடுவது நல்லது; தெறிக்கும் துளிகள் பக்கத்தில் வைத்த தட்டு, தக்காளி மேலெல்லாம் விழும். பழக்கத்தை விட முடியாதவர்கள் பாத்திரத்து நீரில் மெதுவாகக் கழுவி, தொட்டியைச் சோப்பால் தேய்க்கட்டும். கறிக்கு ஒரு பலகை, காய்க்கு ஒன்று. நம் குழம்பில் கோழி கொதித்து வெந்துவிடும், பிரச்சினை அங்கே இல்லை. தடித்த துண்டாகப் பொரிப்பது, சுடுவது ஆகியவற்றில்தான் எலும்போரம் வேகாமல் நிற்கும். நடுவில் 74 டிகிரி ஏற வேண்டும். ஷவர்மாவில் வெளிப்புறம் கருகி உட்புறம் வெதுவெதுப்பாகவே இருக்கும், அவசரத்தில் ஆழமாகச் சீவினால் வேகாத கறி தட்டுக்கு வரும். 2022 மே மாதம் கேரளத்தின் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட மாணவி இறந்த நிகழ்வில் கண்டறியப்பட்டது ஷிகெல்லா. பச்சை முட்டை மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது சால்மோனெல்லா போன்ற கிருமிகளை முன்னிட்டு. ஆஃப் பாயிலும் அதே கணக்குதான்; கர்ப்பிணிகளும் முதியவர்களும் முழுதாக வேகவைத்தே சாப்பிடட்டும்.

குடிநீர் ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும். கேன் தண்ணீர் சுத்தமாகவே இருந்தாலும், அதில் கைவிட்டு மொள்ளும் டம்ளரை நம்ப முடியாது.

தடுப்பூசி இருக்கிறதா?

ஷிகெல்லாவுக்கோ சி.டிஃப்புக்கோ இன்னும் இல்லை. காலரா, டைஃபாய்டு தடுப்பு மருந்துகள் இவற்றைத் தடுக்காது.

எப்போது வேலைக்குத் திரும்பலாம்?

மலம் கெட்டியாகி 48 மணி நேரம் கழித்து. சமையல், பரிமாறுதல், நோயாளி பராமரிப்பு, குழந்தைகள் காப்பகம் ஆகிய வேலைகளில் இருப்பவர்களுக்கு ஷிகெல்லாவோ ஷிகா நச்சு ஈ.கோலையோ உறுதியாகியிருந்தால் அது போதாது. கிருமி இல்லை என்று மலப் பரிசோதனை காட்டும் வரை வேறு வேலை பார்க்கட்டும். ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால் முடித்து இரண்டு நாளாவது ஆன பிறகே அந்தப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். வீட்டுச் சமையலுக்கும் அதுவரை வேறு ஆள்.